கலிபோர்னியாவின் கோவெலோவிலிருந்து மகனுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனை எடுப்பதில்லை. படிப்பு அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் அக்கா வேறு ஏதோ சொன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

தபால் ஆபீசில் எல்லாரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். சட்டம் படிக்கிறான் என்று பெருமையடித்துக்கொண்டு திரிகிறேன். அதுவும் கலிபோர்னியாவின் முதல் தலைமை நீதிபதி ஹேஸ்டிங்ஸ் 1878-ல் 1,00,000 டாலர் கொடுத்து ஆரம்பித்த கல்லூரியில்! 2023-ல் அவன் பேரை எடுத்துவிட்டார்கள், சரி. நமக்குப் பக்கத்து ஈடன் பள்ளத்தாக்கில் தன் குதிரைகளைக் காப்பாற்ற கவர்னரிடம் மனுப் போட்டவன் அவன்தானே. அந்த மனுவால்தான் 1859-ல் ஜார்போ என்பவனின் படை வந்தது. நம் யூக்கிப் பழங்குடியில் 283 பேரைக் கொன்றோம் என்று ஜார்போவே கணக்கு எழுதி, அரசாங்கத்துக்கு 11,000 டாலருக்கு மேல் பில்லும் அனுப்பினான்.

யூக்கிகள் மாடு திருடினார்கள் என்று அங்கே யாராவது நியாயம் பேசினால் வாயை மூடிக்கொண்டு இருக்காதே. 1854-க்குப் பிறகு வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களின் பன்றிகள் மரத்தடி ஓக் கொட்டையையெல்லாம் தின்று தீர்த்தன. நாம் இடித்து, கசப்புப் போகத் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றி, கஞ்சி காய்ச்சிக் குடித்த கொட்டை. வேறு எதைத் தின்பார்கள்? நம் பிள்ளைகளைப் பிடித்துப்போய் வேலை வாங்கியதற்கும் 1850-ல் ஒரு சட்டம் இருந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் பத்தே வருடத்தில் சில நூறு பேரானார்கள். அதில் மிஞ்சியவள் வழியில் வந்தவன் நீ. உட்கார்ந்து படி.

யாராவது ஏதாவது சொன்னார்களா, கண்ணு? கல்லூரிக்குப் போகவே பிடிக்கவில்லையா? எதுவானாலும் சொல்லு, திட்டமாட்டேன். சரி, திட்டுவேன். ஆனாலும் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு.

அடுத்த வாரம் சிக்கோ ஊரிலிருந்து நினைவு நடை கிளம்புகிறது. 1863-ல் சிப்பாய்கள் அங்கிருந்து ஓட்டி வந்த பழங்குடிகள் 461 பேரில் நம் ரவுண்ட் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது 277 பேர். உன் அப்பா வழிக்காரர்கள் அதில் வந்தவர்கள், நீ நடக்காமல் இருந்தால் அத்தை என்னைத்தான் கேட்பாள். வண்டியில் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். பழைய ஷூவையே போட்டுக்கொண்டு வா, போன தடவை புதுசு கடித்துக் கொப்புளமானது போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு, காலை ஆறு மணிக்குள் என்றால் நல்லது. அப்புறம் நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

அம்மா