தடுப்பூசி ஆய்வாளர்களுக்கு: ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள்

தடுப்பூசிப் பாதுகாப்பை ஆராய்ந்து கட்டுரை வெளியிடும் மதிப்பிற்குரிய மருத்துவ ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கிராம சுகாதார செவிலியர். போன புதன்கிழமை ஒன்றரை மாதக் குழந்தையோடு வந்த ஒரு தாய், ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்து வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகி அடைத்துக்கொள்வது) வந்ததால் 1999இல் அமெரிக்காவில் ரோட்டாஷீல்ட் என்ற பழைய ரோட்டா தடுப்பு மருந்தைத் திரும்பப் பெற்ற கதை உங்களுக்குத் தெரியும். நம் நாட்டில் ரோட்டாவேக் என்ற ரோட்டா சொட்டு மருந்து வந்த பிறகு 27 மருத்துவமனைகளில் குடல் செருகலோடு வந்த குழந்தைகளைக் கணக்கெடுத்தீர்கள். தடுப்பூசி ஆய்வாளர் ககன்தீப் காங் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. எந்தத் தவணைக்குப் பிறகும் 21 நாட்களுக்குள் குடல் செருகல் கூடியதாகத் தெரியவில்லை. அருமையான வேலை, மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தாயின் மாமியார் என்னிடம் கேட்டது இது: "எங்க அண்ணன் பேரனுக்குக் குடல் சொருகி ஆபரேஷன் பண்ணாங்க நர்ஸம்மா. சொட்டு மருந்து குடிச்ச புள்ளதான் அது. அதனால இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேள்வியில் தப்பே இல்லை. நீங்கள் ஆய்வைத் தொடங்கியதும் இதே கேள்வியோடுதானே? ஆனால் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் பதில் "ஒண்ணும் ஆகாதும்மா" என்பது மட்டும்தான். காய்ச்சல் வரக்கூடிய ஊசிக்கும் அதே பதில். ராத்திரி குழந்தைக்கு உடம்பு சுட்டால் மறுநாள் அந்தத் தெருவில் என் பேச்சு எடுபடாது. மருந்தே குடிக்காத குழந்தைக்கும் முதல் வயதுக்குள் குடல் செருகல் வருவதுண்டு, எத்தனை நாள் கழித்து வந்தது என்று எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று காட்ட என்னிடம் ஒரு தாள் இல்லை. அந்த அம்மாவின் போனில் தமிழில், தெளிவான குரலில், ஒரு ஆடியோ இருந்தது.

கேட்பது ஒன்றுதான். கட்டுரை வெளியாகும்போதே அதன் முடிவை ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர் ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் 1998இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியதைத் தமிழில் சொல்ல ஆள் கிடைத்தது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனபோது வாட்ஸ்அப் வதந்தி எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. தடுப்பூசி போடத் தயங்குவதைப் பற்றியும் நீங்கள் கட்டுரை எழுதுகிறீர்கள். கடைசிப் பத்தியில், 'களப்பணியாளர்கள் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்கிறீர்கள். எதை வைத்து ஏற்படுத்துவது, ஐயா? உங்கள் புள்ளியியல் அட்டவணையை வாசித்துக் காட்டியா?

ரோட்டாவேக் பரிசோதனையில் டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகள் சேர்ந்தார்கள். பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும்போது அவரவர் மொழி தேவைப்பட்டது. முடிவைச் சொல்லும்போது அது தேவைப்படவில்லை போலும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை குழந்தைகளைப் பார்த்தீர்கள், என்ன கெடுதல் தெரிந்தது, எது இன்னும் தெரியவில்லை, எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இவ்வளவு போதும். கெடுதல் இருந்தால் அதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு படித்த ஒரு அம்மாவிடம் முதலில் வாசிக்கக் கொடுத்து, புரிந்ததா என்று கேட்டுவிட்டு அச்சடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்பிவைத்தால் வீடு வீடாகக் கொண்டுபோவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கிராம சுகாதார செவிலியர்