பிரம்பைப் பார்த்தும் பிள்ளைகள் கற்கிறார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பள்ளி மாணவர்களின் அடிதடி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சினிமாவையும் கைப்பேசி விளையாட்டையும் கூண்டில் ஏற்றிவிட்டு, பழையபடி ஆசிரியர் கையில் பிரம்பைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். முன்பாதியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் திரையில் பார்த்து அடிக்கக் கற்கிற பிள்ளை, கண்ணெதிரே ஆசிரியர் அடிப்பதைப் பார்த்து மட்டும் ஒன்றும் கற்காதா?

நான் பி.எட். கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் பொம்மைச் சோதனை எங்கள் பாடத்தில் உண்டு. 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்தே முக்கால் வயது வரையிலான 72 பிள்ளைகளை வைத்து நடந்தது. காற்றடைத்த பெரிய பொம்மை. தஞ்சாவூர் பொம்மை மாதிரி, தள்ளினால் சாய்ந்து தானே நிமிரும். சில பிள்ளைகளின் எதிரே ஒருவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து மூக்கில் குத்தினார், சுத்தியலால் தலையில் அடித்தார், 'குத்து, உதை' என்று கத்தினார். வேறு சிலரின் எதிரே இருந்தவர் பொம்மைப் பக்கமே திரும்பாமல் அமைதியாக விளையாடினார். மீதிப் பேருக்கு யாரையும் காட்டவில்லை. அப்புறம் எல்லாப் பிள்ளைகளையும் கொஞ்சம் எரிச்சலூட்டி, அந்தப் பொம்மை இருந்த அறையில் விட்டார்கள். அடித்தவரைப் பார்த்த பிள்ளைகளில் பலர் அதே மாதிரி ஏறி உட்கார்ந்தார்கள், அதே சுத்தியலை எடுத்தார்கள், அந்தக் கத்தலைக்கூட விடவில்லை.

இதுவரை பலருக்கும் தெரியும். பிரம்பு கேட்பவர்கள் படிக்க வேண்டியது பண்டூராவே செய்து 1965-இல் வெளியான இன்னொரு சோதனையை. இதில் 66 பிள்ளைகள். பொம்மையை அடிப்பவரைப் படமாகக் காட்டினார்கள். முடிவு மட்டும் குழுவுக்கு ஒன்றாக மூன்று விதம். ஒன்றில் அடித்தவருக்குப் பாராட்டும் தின்பண்டமும் கிடைத்தன. இன்னொன்றில் இன்னொருவர் வந்து அவரைத் திட்டி, சுருட்டிய பத்திரிகையால் சாத்தினார். (அடித்தவனைத் திருத்த அடி! அங்கேயும் நம் ஊர் வழக்கம்தான்.) மூன்றாவதில் ஒன்றும் நடக்கவில்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். பிரம்புக்கு வெற்றி என்று தோன்றும். ஆனால் சோதனை அங்கே முடியவில்லை. 'படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் ஸ்டிக்கரும் பழச்சாறும் தருவோம்' என்றதும், மூன்று குழுவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் காணாமல் போனது. தண்டனையைப் பார்த்தவர்களும் மற்றவர்கள் அளவுக்கே செய்து காட்டினார்கள். பயத்தில் கைதான் அடங்கியிருந்தது. கற்றது உள்ளேயே இருந்திருக்கிறது.

அடி வாங்கவே செய்த பொம்மையை அடிப்பதும் மனிதனை அடிப்பதும் ஒன்றா என்று கேட்பார்கள். சரி, ஒன்றல்ல. ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு ஊரில் நடக்கும் எல்லா வன்முறைக்கும் விளக்கம் சொல்ல நானும் வரவில்லை.

ஆனால் எந்தப் பள்ளியிலும் இதைப் பார்க்கலாம். ஆசிரியர் வெளியே போனதும் வகுப்புத் தலைவன் ஸ்கேலை எடுப்பான். 'கையைத் திருப்புடா' என்று விரல் முட்டியில் ஒன்று வைப்பான். குரல், வசவு, நிற்கிற தோரணை எல்லாம் ஆசிரியருடையது. இதை அவன் எந்தப் படத்தில் பார்த்தான்?

எங்கள் மாணவர்கள் தேர்வில் பண்டூரா பற்றிய கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கற்பித்தல் பயிற்சிக்குப் போய்வந்ததும் அதே பேர், 'குச்சி இல்லாம கிளாஸை அடக்கவே முடியாது சார்' என்பார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்திருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் படித்த காலத்தில் பார்த்தது அந்தக் குச்சியைத்தான். அதோடு, நெரிசலான வகுப்பில் பிள்ளைகளை எப்படி அமர்த்துவது என்று யாரும் அவர்களுக்குச் செய்து காட்டுவதும் இல்லை. இந்தக் குறையில் எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கும் பங்கு உண்டு.

குச்சியைத் தொடாமல் பெரிய வகுப்புகளை நடத்துகிற அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிறு அவர்களில் நான்கு பேரைச் சந்தித்து, காலை முதல் மணியிலிருந்து என்னென்ன செய்கிறார்கள் என்று விவரமாக எழுதுங்கள். எங்கள் வகுப்பில் வாசிக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பி.எட். கல்லூரி விரிவுரையாளர் ஒருவர்,
கும்பகோணம்.