கிரியாட்டினின் மட்டும் போதாது, டாக்டர்

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எங்களைப் பார்த்துவரும் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கும், பரிசோதனைக்கூடம் நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். என் அக்காவின் பழைய ரிப்போர்ட்டுகள் ஒரு தடித்த ஃபைலில் இருக்கின்றன. 51 வயதில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் தேங்கியிருக்கும் அளவு) 1.4. 54 வயதில் 1.9. 56 வயதில் 2.8. ஒவ்வொரு முறையும் எங்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "உப்பு கொஞ்சம் கூடியிருக்கு, சாப்பாட்டுல குறைச்சுக்கோங்க." அவர்கள் உப்பு என்றது கிரியாட்டினினை. சமையலில் போடுகிற உப்பைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து அக்கா ஊறுகாயை விட்டார், அப்பளத்தை விட்டார். 58 வயதில் ஒரு விடியற்காலை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கழுத்தில் குழாய் போட்டு அன்றே டயாலிசிஸ்.

அந்த வராண்டாவில் உட்கார்ந்துதான் ஜிஎஃப்ஆர் என்ற எழுத்துகளை முதன்முதலில் கேள்விப்பட்டேன். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தை வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு; குறையக் குறைய மோசம். வயதையும் பாலினத்தையும் கிரியாட்டினினையும் கொடுத்தால் செல்போனே கணக்குப் போட்டுவிடும். போட்டுப் பார்த்தேன். அந்த 1.4 என்பது 46. அந்த 1.9 என்பது 31. அந்த 2.8 என்பது 19.

அரைப் புள்ளிதான் ஏறியிருக்கிறது என்று நாங்கள் நிம்மதியாக இருந்த காலத்தில், மிச்சமிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருந்தது. உங்களுக்கு இது பாலபாடம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? அதே 1.4 ஒரு 25 வயது ஆணுக்கு வந்தால் ஜிஎஃப்ஆர் 72 வரும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது என்பதால், ஒல்லியான, வயதான பெண்களிடம் அது நிலைமையை மறைத்துவிடவும் கூடும். ரிப்போர்ட்டிலோ இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

இந்த எண் வெறும் தகவல் இல்லை, வரிசையில் இடம் பிடிக்கிற எண். அமெரிக்காவில் ஜிஎஃப்ஆர் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலே, டயாலிசிஸ் தொடங்காதவருக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலத்தை எண்ணத் தொடங்குகிறார்கள். அங்கே கறுப்பினத்தவருக்கு மட்டும் ஜிஎஃப்ஆரை 16 முதல் 21 சதவீதம் வரை கூட்டிக் காட்டும் சூத்திரங்கள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. கூட்டிக் காட்டியதால் 20-க்கு இறங்கத் தாமதம், வரிசையில் பின்னால். 2022-இல் அதைப் பட்டியல் கணக்கிலிருந்து விலக்கினார்கள். 2023-இல், இழந்த காலத்தைத் திருப்பித் தரச் சொல்லி மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டார்கள். 10,000-க்கும் மேற்பட்டவர்களின் காத்திருப்புக் காலம் திருத்தப்பட்டது. ஒரு பெருக்கல் கணக்கு செய்த வேலை இது.

நம் நாட்டில் கதை வேறு. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் சிறுநீரகத்துக்கான தேசிய வழிகாட்டுதல், மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து டயாலிசிஸில் இருப்பவரைத்தான் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. உறுப்புகள் குறைவு, இயந்திரத்தில் கிடப்பவர் முதலில் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 2023-இல் 65 வயது உச்சவரம்பையும், அந்தந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்தது நல்ல காரியம்.

ஆனால் பட்டியல் தாமதமாகத் திறக்கிறது என்பதற்காக, பேச்சும் தாமதமாகத்தான் தொடங்க வேண்டுமா? 2020-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், டயாலிசிஸ் தேவைப்படும் என்று எதிர்பார்க்கிற நாளுக்கு 6 முதல் 12 மாதங்கள் முன்பே மாற்று அறுவைக்கான மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. அந்த 19-ஐ அன்றே யாராவது சொல்லியிருந்தால், இடது கையில் ஊசி குத்த விட்டிருக்க மாட்டோம். டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கிற ஃபிஸ்டுலாவைப் போட்டு, அது பழுக்க வாரக்கணக்கில் நேரம் கொடுத்திருப்போம். ரத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் அவசரமாக இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டி வந்திருக்காது. ரத்தம் ஏற்றினால் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாகி, பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதே கஷ்டமாகலாம் என்று ஏற்றிய பிறகுதான் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேல், நான் என் சிறுநீரகத்தைக் கொடுக்க முடியுமா என்று நிதானமாகப் பரிசோதித்துப் பார்த்திருக்கலாம். சரியாக இருந்திருந்தால் அக்கா அந்த இயந்திரத்தைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். (இந்தியாவில் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எங்கள் வீட்டிலாவது மாற்றிச் செய்து பார்த்திருப்போம்.)

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. பரிசோதனைக்கூடத்தாரே, நோயாளியின் வயதும் பாலினமும் உங்கள் தாளின் தலைப்பிலேயே இருக்கின்றன. கிரியாட்டினினுக்குக் கீழே ஒரு வரி சேர்த்து ஜிஎஃப்ஆரை அச்சிடுங்கள். டாக்டர்களே, உங்கள் வாசலில் எத்தனை கூட்டம் என்று எனக்குத் தெரியும். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அந்த எண்ணை வாய் திறந்து சொல்லுங்கள். 30-க்கு வந்தால் சிறுநீரக நிபுணரிடம் அனுப்புங்கள். 20-ஐ நெருங்கும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "மாற்று" என்ற வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். பயந்துபோவார்கள் என்று தயங்காதீர்கள். கழுத்துக் குழாயைப் பார்த்து நாங்கள் பயந்ததைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

அக்கா இப்போது பட்டியலில் இருக்கிறார். வாரம் இரண்டு நாள், நான்கு நான்கு மணி நேரம். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது, அதனால் கொடுக்க வழியில்லை. போன மாதம் என் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.3. "ஜிஎஃப்ஆர் எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் செல்போனை எடுத்தார். 65 என்றார். என் வரிசையில் அடுத்து உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அதைக் கேட்கத் தெரியாது.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் தம்பி