மங்கில் காய்ந்த ஒட்டுப்பால்

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

மச்சான்,

உன் தீபாவளி வாழ்த்துக்கே இன்னும் பதில் போடவில்லை. கோபப்படாதேடா. வீட்டில் எல்லாரும் சுகம். முறுக்கு டின்னைத் திறக்கும்போதெல்லாம் அம்மா உன் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ரப்பர் தோட்டத்து அக்கா ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் ஆரம்பித்தேன். மறுநாள் விடிந்ததும், வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முந்தின நாள் கூட்டம். வேர்க் குழாயைச் சுரண்டுகிற ஃபைலை மாற்றும்போதெல்லாம் மருந்து விட்டுக் கழுவாமல் அவசரப்பட்டேன். சுரண்டிய தூளையும் செத்த சதையையும் வேர் நுனிக்கு வெளியே தள்ளியிருப்பேன். வேறு காரணம் தோன்றவில்லை.

அன்றிலிருந்து இதே நினைப்புதான். ஃபைலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோமே, மீசியல் வேரின், அதாவது முன்பக்க வேரின், இரண்டு குழாய்களுக்கும் நடுவிலுள்ள சந்துக்குள் எந்த ஃபைல் நுழையும்? கழுவுகிற தண்ணிதான் நுழைய வேண்டும். சலைன் என்கிற உப்புத் தண்ணி தூளை அலசுமே ஒழிய எதையும் கரைக்காது. சதையைக் கரைப்பது ஹைப்போகுளோரைட். ஃபைல் சுவரில் பூசிவிட்டுப் போகிற படலம் ஒன்றிரண்டு மைக்ரான் கனம்தான், ஆனால் அதில் பல் தூள் இருப்பதால் ஹைப்போவுக்கு மட்டும் மசியாது. அந்தத் தூளைக் கரைக்கிற 17 சதவீத ஈ.டி.டி.ஏ. மருந்து ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னேன். "மங்குல காஞ்ச ஒட்டுப்பால் மாதிரியா டாக்டர்? அத உரிச்சாத்தானே மறுநாள் பால் சுத்தமா இருக்கும்" என்றார். ரப்பர் பால் பிடிக்கிற கோப்பையில் ஒட்டிக் காய்ந்த பாலைத்தான் சொன்னார். குழாயைக் கழுவு, கழுவு என்று நம் தண்ணி வாத்தியார் ஒரு வருஷம் கத்தியது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீக்கம் வடிந்த பிறகு மறுபடி திறந்தேன். பக்கவாட்டில் துளை உள்ள மெல்லிய 30 கேஜ் ஊசி, நுனிக்கு 2 மில்லிமீட்டர் மேலே, ஆள்காட்டி விரலால் மெதுவாக. முதலில் அரிசி கழுவின தண்ணிபோல் வந்தது, பிறகு நுரை, பிறகு தெளிவு. முடிந்தது என்றுதான் நினைத்தேன். நுனியில் காற்றுக் குமிழி அடைத்திருக்குமோ என்ற சந்தேகத்தில் குழாயை அடைக்கிற ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா கோனை உள்ளே விட்டு மேலும் கீழும் ஆட்டினேன். மச்சான், மறுபடி வெள்ளைத் துணுக்குகள் மிதந்து வந்தன! தெளிந்த குழாயிலிருந்துடா!

உன்னிடம் ஒரு சண்டையும் இருக்கிறது. ஹைப்போ மிச்சம் இருக்கும்போதே குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமி மருந்தை விடுகிற பழக்கத்தை நிறுத்து. இரண்டும் கலந்தால் செம்பழுப்பாகத் திரிந்து குழாய்ச் சுவரில் படியும். நடுவில் சலைன் விட்டுக் கழுவி, பேப்பர் பாயின்ட் என்கிற காகிதக் குச்சியால் ஒற்றி எடு.

வியாழக்கிழமை அக்காவுக்குக் குழாயை அடைக்கிறேன். குழாய்க்குள் தண்ணியை அதிர வைக்க நீ வாங்கிய அல்ட்ராசோனிக் முனை எத்தனை வெள்ளி, எத்தனை பல்லுக்குத் தாங்குகிறது? அதற்குள் எழுது.

உன்
மச்சான்