செத்த எல்ஃப் எங்கே போகிறது?

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்தது. பையனுக்குக் கோவையிலேயே சீட் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மா நலம், வெயில்தான் தாங்கவில்லை. ஆளுக்கொரு கேரக்டராகிக் கதைக்குள் ஆடும் நம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் திருவான்மியூரில் ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து கதையை நடத்தும் டிஎம் வேலை என் தலையில்.

சரி, காட்டில் வாழும் மாய இனமான எல்ஃப் செத்தால் பூசாரி எழுப்பலாமா என்று கேட்டிருந்தாய். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978 விதிப்படி ‘ரெய்ஸ் டெட்’ மந்திரம் மனிதன், குள்ளன், மனிதக் கலப்புள்ள அரை எல்ஃப் வரைக்கும் பலிக்கும். முழு எல்ஃபிடம் பலிக்காது. இப்போதைய விதியில் அந்தத் தடை இல்லை. எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது. மனிதனின் உயிர் அவனுடையது, கூப்பிட்டால் வரும். எல்ஃபின் உயிர் அவன் காட்டுக்குச் சொந்தம். செத்ததும் மண்ணிலேயே இறங்கிவிடும். நம் அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் இன்றும் நிற்கின்றன. எல்ஃப் சாவும் அப்படித்தான்.

இதை மேஜையில் எப்படிக் காட்டுவது? எல்ஃப் தூங்குவதில்லை, நான்கு மணி நேரம் தியானம் செய்யும், தெரியுமில்லையா? அந்த நேரத்தில் செத்தவர்களின் நினைவு உள்ளே வரட்டும் என்று வைத்தேன். எங்கள் குழுவில் ஒரு பெண்ணின் எல்ஃப் செத்துப்போனது. அவள் புதிதாக எடுத்த கேரக்டர் அந்த எல்ஃபின் தங்கை மகள். முதல் தியானத்தில் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தேன்: ‘ஆற்றங்கரைக் கல்லுக்கு அடியில் கத்தி இருக்கிறது.’ பழைய கேரக்டர் ஒளித்து வைத்த கத்தி! படித்துவிட்டு யாரிடமும் காட்டாமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

காட்டு மந்திரவாதியான ட்ரூயிடுக்கு இதனால் வினை. அவன் மந்திர சக்தியை எடுப்பது காட்டிலிருந்து. காட்டுக்குள் இருப்பதோ செத்தவர்கள். அதனால் எல்ஃப் தோப்புக்குள் அவன் பெரிய மந்திரம் போட்டால் டைஸ் உருட்டுவேன். ஒன்று விழுந்தால் ஒரு சீட்டைக் கிழித்துவிடுவேன், அந்த நினைவு போயே போச்சு. வேரை விட்டு எதிரியைக் கட்டும் மந்திரத்தைக்கூட இப்போது யோசித்துத்தான் போடுகிறார்கள். சண்டை கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் இதை மாற்ற மாட்டேன்.

நற்றிணை 172 ஞாபகம் இருக்கிறதா? விளையாட்டாகப் புதைத்த விதை முளைத்துப் புன்னையாகிவிடும். ‘அது உங்களைவிடச் சிறந்த உடன்பிறப்பு’ என்பாள் அம்மா. அப்புறம் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசவே மகளுக்கு நாணம். எல்ஃப் கிராமத்து மரியாதையை அப்படியே அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்: தோப்புக்குள் யாரும் பேரம் பேசக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. எங்கள் திருடன் கேரக்டர் வாயைத் திறக்கவே பயப்படுகிறான்!

அரை எல்ஃப் செத்தால் எந்தப் பக்கம் போவான்? இன்னும் முடிவு செய்யவில்லை, நீ யோசித்து எழுதுடா. தீபாவளிக்கு வரும்போது உன் இருபது பக்க டைஸை எடுத்து வா, இங்கே ஒன்று காணாமல் போய்விட்டது.

அன்புடன்,
ரவி