இந்த ஆண்டு எங்கள் ஆசிரியர்கள் எடுத்துக்கொண்ட சொல்: பொறு

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இந்தத் தவணையில் பிள்ளை வீட்டுக்கு வந்து, "டீச்சர் கேள்வி கேட்டிட்டு ஒண்டும் பேசாம நிக்கிறா" என்று சொல்லக்கூடும். டீச்சர் பாடத்தை மறந்துபோய் நிற்கவில்லை, வேண்டுமென்றுதான் நிற்கிறார். அது ஏன் என்று விளக்கவும், வீட்டில் உங்களிடம் எதிர்பார்க்கும் ஒரு சின்ன உதவியைக் கேட்கவும் இதை எழுதுகிறேன். கொப்பி, சீருடை, சத்துணவு பற்றிய விபரங்கள் வகுப்பாசிரியர் மூலம் தனியே வரும்.

ஒவ்வோர் ஆண்டும் பாடசாலைத் திட்டம் எழுதுகிறோம். அதில் இலக்குகள் பல பக்கம் போகும். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அது வேண்டும், எங்களுக்கும் வேண்டும். ஆனால் முப்பது பிள்ளைகளின் முன்னால் வெண்கட்டியும் கையுமாக நிற்கும் ஆசிரியருக்கு அந்தப் பக்கங்கள் நினைவுக்கு வராது. ஒரு சொல் வரும். அதனால் ஆசிரியர்கள் எல்லோருமாக ஆண்டு முழுவதற்கும் ஒரேயொரு சொல்லை எடுத்திருக்கிறோம்: பொறு. இது ஆசிரியர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சொல். பிள்ளைகளுக்கு இட்ட கட்டளையாக யாரும் எடுக்க வேண்டாம்.

சொல்லைத் தேட முன்னரே அது எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டோம். வினைச்சொல்லாக இருக்க வேண்டும். அதைச் செய்பவர் ஆசிரியராக இருக்க வேண்டும். பாடவேளை ஒன்றை வகுப்பின் பின்வாங்கில் இருந்து பார்க்கும் எவரும் "நடந்தது" அல்லது "நடக்கவில்லை" என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். தரம் 1 தமிழுக்கும் உயர்தர இரசாயனவியலுக்கும் ஒரேயளவு பொருந்த வேண்டும். இப்படிச் சலித்தபோது அன்பு, உயர்வு, மகிழ்ச்சி போன்ற சொற்கள் முதலிலேயே விழுந்தன. அவை நல்ல சொற்கள்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் அவை நடந்தனவா என்று எப்படிப் பார்ப்பது? சுவரில் எழுதினால் இரண்டு கிழமைக்குப் பிறகு யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஒழுக்கம், முயற்சி என்று எடுத்தால் பாரம் முழுவதும் பிள்ளையின் தலையில் போய்விடும். கடைசிவரை நின்றது "கேள்". வினவுவதும் செவிமடுப்பதும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருப்பதால் பலருக்கு அதை விட மனமில்லை. ஆனாலும், கேள்வி கேட்பதில் எங்களிடம் குறைவில்லை. கேட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் குறை இருக்கிறது.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் விஞ்ஞான வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து ஆராய்ந்து, 1970களில் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு செக்கன் அளவே பொறுக்கிறார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுகிறார், அல்லது வேறு பிள்ளையிடம் போகிறார், அல்லது தானே சொல்லிவிடுகிறார். பிள்ளை பதில் சொல்லி முடித்த பின்னும் அதே அவசரம், ஒரு செக்கனுக்குள் "சரி" அல்லது "பிழை" வந்துவிடுகிறது. இந்த இரண்டு இடங்களிலும் 3 செக்கனோ அதற்கு மேலோ பொறுத்தபோது பதில்கள் நீண்டன, காரணத்தோடு வந்தன, "தெரியாது" என்பது குறைந்தது. வழமையாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள்.

எங்கள் வகுப்பிலிருந்து ஒரு கணக்கை எடுத்துப் பாருங்கள். "ஒரு புசல் நெல் 21 கிலோ. 12 புசல் எத்தனை கிலோ?" பிள்ளை கேள்வியைக் காதில் வாங்க வேண்டும், இது பெருக்கல் என்று தீர்மானிக்க வேண்டும். 10 புசலுக்கு 210, மிச்சம் 2 புசலுக்கு 42, இரண்டையும் கூட்டினால் 252. பிறகு அதை எல்லோர் முன்னாலும் சொல்லத் துணிவும் வர வேண்டும். கேட்டவுடன் கை தூக்கும் பிள்ளை இதே கணக்கை ரியூசனில் கண்ட பிள்ளையாக இருக்கலாம். அந்தக் கைக்கு உடனே இடம் கொடுத்தால், 210 வரை வந்துவிட்ட பிள்ளைகள் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். நாள் செல்லச் செல்லத் தொடங்கவும் மாட்டார்கள், எப்படியும் ஆரோ சொல்லுவினம்தானே என்று இருந்துவிடுவார்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இந்தப் பிள்ளைகள்தான். இவர்கள் கெட்டித்தனம் குறைந்தவர்கள் அல்லர், நினைத்து முடிக்க நேரம் கிடைக்காதவர்கள்.

எனவே வகுப்பில் நடப்பது இதுதான். ஆசிரியர் முதலில் கேள்வியை முழு வகுப்புக்கும் கேட்பார், பெயரைப் பிறகுதான் சொல்லுவார். பெயரை முதலில் சொன்னால் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் அந்தக் கேள்வியோடு வேலை முடிந்துவிடும். கேட்ட பின் மனதுக்குள் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று" என்று எண்ணுவார். ஆறுதலாக எண்ணினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்கன் போகும். வெறுமனே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் பதற்றத்தில் ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும், அதனால்தான் இந்த நீட்டு. பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதேபோல எண்ணுவார். அந்த இடைவெளியில்தான் பிள்ளை "ஏனெண்டா…" என்று தொடரும். நெல்லுக் கணக்குப் போன்றவற்றுக்கு 3 செக்கன் காணாது. கொப்பியில் எழுதிப் பார்க்க 20, 30 செக்கன் விட வேண்டும். 7 பெருக்கல் 8 போன்ற வாய்பாட்டுக்கு இந்தப் பொறுமை தேவையில்லை, அங்கே நீட்டினால் பாடம் தொய்ந்துவிடும். எங்கே பொறுப்பது, எங்கே விரைவது என்பதை ஆசிரியர் பாடக்குறிப்பு எழுதும்போதே குறித்துக்கொள்கிறார்.

பொறுத்தல் சொல்லுக்கு எளிது, கைக்கு வருவது கடினம். அதிகம் நடக்கும் பிழை, பொறுக்கும் நேரத்தில் அதே கேள்வியை வேறு சொற்களில் திரும்பக் கேட்பது. உதவி என்று நினைத்துத்தான் செய்கிறோம், ஆனால் பிள்ளை பாதியில் விட்டுப் புதுக் கேள்வியை முதலிலிருந்து விளங்க வேண்டியதாகிறது. மற்றது, ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்திவிட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுப்பது. அது பொறுமை ஆகாது, தண்டனை. பெயர் சொல்ல முன்னரே பொறுக்க வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம். எழுப்பிய பிள்ளை தடுமாறினால், பக்கத்துப் பிள்ளையோடு அரை நிமிடம் பேச விட்டு, பிறகு அதே பிள்ளையிடம் திரும்ப வருவோம். தொடக்கத்தில் பிள்ளைகள் இந்த அமைதிக்குப் பயப்படுவார்கள், சொன்னது பிழையாக்கும் என்று நினைத்துச் சரியான பதிலையே மாற்றிவிடுவார்கள். அதற்காகத்தான் "நான் பேசாமல் நிற்பது நீங்கள் யோசிக்க" என்று எல்லா வகுப்பிலும் முதற்கிழமையிலேயே வெளிப்படையாகச் சொல்கிறோம்.

இப்படிப் பொறுத்தால் பாடத்திட்டம் முடியுமா என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு பாடவேளையில் 30 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடத்தில் 2 செக்கன் கூடுதலாகப் போனால் மொத்தம் 120 செக்கன், அதாவது 2 நிமிடம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். அதன் முதலாம் வினாத்தாளில் 40 வினாவுக்கு ஒரு மணித்தியாலம், ஒரு வினாவுக்கு 90 செக்கன். இரண்டாம் வினாத்தாளில் 60 வினாவுக்கு ஒன்றேகால் மணித்தியாலம், ஒரு வினாவுக்கு 75 செக்கன். பரீட்சையே பிள்ளைக்குக் கொடுக்கும் நேரத்தை நாங்கள் வகுப்பில் பறிக்கக் கூடாது.

இந்தச் சொல்லுக்குள் வராதவற்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பேச்சில் "பொறு, பிறகு பாப்பம்" என்றால் தட்டிக்கழிப்பது. பிள்ளை சந்தேகம் கேட்டு வந்தால் அப்படிச் சொல்லி அனுப்பக் கூடாது என்பது எங்கள் உடன்பாடு. அந்நேரம் முடியாவிட்டால் எப்போது என்று நேரம் குறித்துச் சொல்வோம். "பொறுத்துப் போ" என்ற பொருளும் உண்டு. அடி, கேலி, தகாத தொடுகை எதையும் எந்தப் பிள்ளையும் பொறுத்துப் போகத் தேவையில்லை. யார் செய்தாலும் அன்றே வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ சொல்லுங்கள். வெளியில் முறையிட விரும்பினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

கேள்வி நேரத்துக்கு வெளியிலும் இந்தச் சொல்லை இரண்டு இடத்தில் கொண்டுவருகிறோம். வாவியைக் கடக்கும் பாதைப்படகு பிந்தி, அல்லது தெருவில் வெள்ளம் நின்று, பிள்ளை தாமதித்து வந்தால் வாசலில் நிறுத்தி விசாரிக்க மாட்டோம். முதலில் உள்ளே வந்து இருக்கட்டும், காரணத்தை இடைவேளையில் கேட்போம். வெள்ளாமை வெட்டுக்கு வீட்டாரோடு வயல் வாடியில் தங்கியோ, காய்ச்சலாலோ சில நாள் வராத பிள்ளையை, திரும்பி வந்த முதல் இரண்டு நாளும் பெயர் சொல்லி எழுப்ப மாட்டோம். விடுபட்ட பாடத்தைப் பக்கத்தில் இருத்திச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் கேள்வி. இதற்காகப் பிள்ளையைப் பாடசாலைக்கு விடாமல் மறிக்கலாம் என்று எடுத்துவிடாதீர்கள். ஒரு நாள் விட்டாலும் அது பிள்ளைக்கு நட்டம்தான்.

இனி வீட்டுக்கு. பிள்ளை ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வாசிக்க, பக்கத்தில் இருந்து கேளுங்கள். தாய் வெளிநாட்டில் என்றால் அம்மம்மா கேட்கலாம், மூத்த பிள்ளை கேட்கலாம். பிள்ளை ஒரு சொல்லில் தடக்கினால் நாங்கள் எல்லோரும் உடனே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பெற்றோரும் வீட்டில் பழகும்படி 1970களில் நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரில் உருவான முறை ஒன்று இருக்கிறது, மிகவும் எளியது. தடக்கினால் 5 செக்கன் பொறுங்கள். பிழையாக வாசித்துக்கொண்டு போனால் வசனம் முடியும்வரை பொறுங்கள், பல பிள்ளைகள் தாங்களே திரும்பி வந்து திருத்துவார்கள். திருத்தாவிட்டால் எந்த வகைப் பிழை என்று பாருங்கள்.

"மழைத்தண்ணீர் பள்ளத்தில் தேங்கியது" என்ற வசனத்தைப் பிள்ளை "பழத்தில் தேங்கியது" என்று வாசித்தால் கருத்துப் பொருந்தவில்லை. "தண்ணி எங்க புள்ள தேங்கும்?" என்று கருத்தைக் கேளுங்கள். "மாரியில் குளம் நிரம்பியது" என்பதை "குடம் நிரம்பியது" என்று வாசித்தால் கருத்துப் பொருந்துகிறது, எழுத்துத்தான் பிழை. அப்போது "நடு எழுத்தை வடிவாப் பார்" என்று விரலால் காட்டுங்கள். இரண்டு முறை உதவியும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள், அதற்கு மேல் இழுத்தால் பிள்ளைக்கு வாசிப்பே வெறுக்கும். பாராட்டும்போது பொதுவாகக் "கெட்டிக்காரி" என்று விடாமல், "குடம் எண்டு சொல்லிப்போட்டு நீயே குளம் எண்டு திருத்தினாய்" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் குறையே இல்லை. பிள்ளை வாசித்து முடித்ததும் "என்ன நடந்த அதில?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருந்தால் போதும்.

ஆண்டு நடுவில் சொல் மங்கிப்போகும். எந்தப் பாடசாலையிலும் அதுதான் நடக்கும். அதற்காக இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறோம். சொல்லைச் சிறிய அட்டையில் எழுதி ஒவ்வொரு வகுப்பின் பின்சுவரிலும் ஒட்டியிருக்கிறோம், கரும்பலகைக்கு முன் நிற்பவர் கண்ணில் மட்டும் படும் உயரத்தில். ஆசிரியர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து மாதம் ஒரு முறை ஒருவர் பாடத்தில் மற்றவர் பின்வாங்கில் இருப்பார்கள். பத்துக் கேள்விகளுக்கு எத்தனை செக்கன் பொறுத்தார், எந்தப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள், ஒரு தடவைகூடப் பேசாத பிள்ளை யார் என்று ஒரு தாளில் குறிப்பார்கள். அந்தத் தாள் அந்த இருவருக்குள்ளேயே இருக்கும். நானும் கேட்க மாட்டேன், மதிப்பீட்டுக்கு எடுக்க மாட்டேன். எடுத்தால் அன்றைக்கு மட்டும் நடிப்பதாகிவிடும். தவணை முடிவில் ஆசிரியர் கூட்டத்தில் பார்ப்பது ஒன்றை மட்டும்: தவணை தொடங்கும்போது பேசாதிருந்த பிள்ளைகளில் இப்போது பேசுகிறவர் யார், இன்னும் பேசாதவர் யார். இன்னும் பேசாத பிள்ளைகளின் வீட்டாரோடு வகுப்பாசிரியர் நேரில் கதைப்பார். அப்படி அழைப்பு வந்தால் முறைப்பாடு என்று நினைக்காமல் வாருங்கள்.

இடையில் சொல்லை மாற்ற மாட்டோம். மூன்று தவணையும் இதேதான்.

பாடம் நடக்கும்போது பின்வாங்கில் இருந்து பார்க்க விரும்பும் பெற்றோர் முதல் நாள் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும், ஒரு பாடவேளைக்கு இருவர் வரை இருக்கலாம். கைபேசியை அணைத்துவிட்டு, உங்கள் பிள்ளைக்குப் பதில் எடுத்துக் கொடுக்காமல் இருந்து பாருங்கள். வீட்டு வாசிப்பைப் பழக்கிக் காட்ட, தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு மணித்தியால அமர்வு ஒன்றை மூன்றாம் கிழமையில் வைக்கிறோம். திகதியைப் பிள்ளையின் கொப்பியில் ஆசிரியர் எழுதிவிடுவார். வரும்போது பிள்ளையின் தமிழ் வாசிப்புப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்
மட்டக்களப்பு, படுவான்கரை