நந்தவன வடிகால் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோயில் பின்புற நந்தவனத்தில் நடந்த வடிகால் திருப்பணி நல்லபடியாக முடிந்தது. கோபுரம், விமானம் மாதிரி கண்ணில் படுகிற வேலை இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

துளசிக்கும் அரளிக்கும் போடும் கோழி எருவில் செடி எடுத்துக்கொள்வது ஒரு பங்குதான். மிச்சம் மழையோடு கால்வாயில் இறங்கிவிடும். சிங்கப்பூரில் மழைநீர்க் கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. குழாயில் போவது சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். நம் கால்வாயில் விழுவதோ காலாங் ஆறு வழியாக மெரினா நீர்த்தேக்கத்தில் சேரும். நாம் குடிக்கிற தண்ணீர் அது! எருவிலுள்ள தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அங்கே கூடினால் பாசி மண்டும். பாசி செத்து மக்கும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மிதக்கும். 1977-ல் பிரதமர் லீ குவான் யூ 10 ஆண்டுக்குள் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தமாக்கச் சொன்ன பிறகு, அங்கிருந்த பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன. அதைக் கண்ணால் பார்த்த மூத்த உறுப்பினர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். தோட்டத்தின் தாழ்ந்த ஓரத்தில் மழைத்தோட்டம், அதாவது மழைநீரை வடிகட்டி அனுப்பும் செடிப்பாத்தி, அமைத்திருக்கிறோம். அடியில் சரளையும் துளையிட்ட குழாயும், அதன் மேல் பருமணல், அதற்கும் மேல் மணல் கலந்த மண், அதில் வெட்டிவேரும் கல்வாழையும். மணிச்சத்து பெரும்பாலும் மண் துகளில் ஒட்டிக்கொண்டுதான் போகும். மண்ணை நிறுத்தினால் அதுவும் நிற்கும். தழைச்சத்து அப்படியில்லை, நைட்ரேட்டாகத் தண்ணீரில் கரைந்துவிடும். அதற்காகவே வெளிக்குழாயின் வாயை உயர்த்தி, சரளைப் பகுதியில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி செய்து, மரச்சில்லும் கலந்திருக்கிறோம். காற்றுப் புகாத அந்த இடத்தில் நுண்ணுயிர்கள் மரச்சில்லைத் தின்று, நைட்ரேட்டை வாயுவாக மாற்றிவிடும்.

மேல் மண்ணில் நிறைய மக்கிய எரு கலந்தால் செடி சீக்கிரம் வளரும் என்றார் குத்தகையாளர். எருவிலிருந்தே மணிச்சத்து கசியும் என்பதால் குழு சம்மதிக்கவில்லை. வெட்டிவேர் மெதுவாகவே வளரட்டும்.

கொசு வருமா என்று பலர் கேட்டீர்கள். மேலே தேங்கும் மழைநீர் சில மணி நேரத்தில் உள்ளே இறங்கிவிடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம் போல ஆகும்.

கழித்த மாலைகளை மக்க வைக்கும் தொட்டிக்குக் கூரை போட்டாயிற்று. அபிஷேக நீர் முன்போலவே கழிவுநீர்க் குழாயில் போகிறது.

இனி தோட்டப் பொறுப்பாளர் மட்டுமே உரமிடுவார். பெருமழைக் காலமான டிசம்பர், ஜனவரியில் உரமே கிடையாது. எரு மூட்டை உபயம் தர நினைக்கும் அன்பர்கள் தயவுசெய்து முதலில் அவரிடம் கேளுங்கள்.

தணிக்கை செய்த கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்திலும் வைப்போம். மழைத்தோட்டத்தின் மேலே படியும் வண்டலை அவ்வப்போது வாரி எடுக்காவிட்டால் தண்ணீர் இறங்காது. ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் இதற்குத் தொண்டூழியர்கள் தேவை. பெயரை அலுவலகத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு